நீலத் தொப்பியில் ஓராண்டு: போகும் சிப்பாயும் காத்திருக்கும் வீடும்

“அக்கா, மிஷனுக்குப் பேர் வந்திருக்கு. சவுத் சூடான்.” தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான். அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்க சோறு கிடைக்குமாடா?” பக்கத்து வீட்டு மாமா கேட்டது, “டாலர்ல சம்பளமாமே?” அவன் மனைவி எதையும் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அணைக்கவில்லை.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளம் புதிதல்ல. கணியம்பாடிக்கு அருகில் உள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் தலைமுறை தலைமுறையாக ஆள் போன ஊர். காஷ்மீர், சியாச்சின், அருணாசலம் என்றால் இங்கே பாட்டிமாருக்கும் விவரம் தெரியும். எந்த ரயில், எத்தனை நாள், எந்த மாதம் குளிர் என்று சொல்வார்கள். ஆனால் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் பணிக்காகக் கடல் தாண்டிப் போவது என்றால் மட்டும் எல்லாருக்கும் பேச்சு தட்டுப்படுகிறது. ஒன்று அதை வெளிநாட்டு வேலை போல நினைக்கிறார்கள், அல்லது போருக்குப் போவது போலப் பயப்படுகிறார்கள். அது இரண்டும் இல்லை. அது என்ன என்பதையும், அதற்கு ஒரு மனிதனும் ஒரு குடும்பமும் எப்படித் தயாராக வேண்டியிருக்கிறது என்பதையும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் அந்த டாலர் கதையை முடித்துவிடலாம். படை அனுப்பும் நாடுகளுக்கு ஐ.நா. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை தருகிறது. 2022-இல் தீர்மானித்தபடி அது 1,448 டாலர். அது போய்ச் சேருவது அரசுக்கு. ஐ.நா. சிப்பாயின் கைச்செலவுக்கென்று வைத்திருக்கும் படி நாளொன்றுக்கு 1.28 டாலர். மற்றபடி அவருக்கு வழக்கமான சம்பளமும், இந்திய அரசு தன் விதிப்படி தரும் வெளிநாட்டுப் படியும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கலாம், வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம். ஆனால் துபாயிலிருந்து வருகிறவனிடம் எதிர்பார்ப்பதை இவனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதைப் புறப்படுமுன்பே சொந்தக்காரர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. திரும்பி வந்த பிறகு நடக்கும் பாதிச் சண்டை இந்தக் கற்பனைக் கணக்கில்தான் தொடங்குகிறது.

இந்தியப் படை ஐ.நா.வோடு போன கதை கொரியாவில் தொடங்குகிறது. 1950 நவம்பரில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு பூசான் துறைமுகத்தில் இறங்கியது. தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். சண்டைப் படை அனுப்ப மாட்டோம், மருத்துவம் செய்வோம் என்பது அன்றைய இந்தியாவின் முடிவு. போன சில வாரங்களிலேயே பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க வேண்டிய நிலை. மருத்துவக் கருவிகளைப் போட்டுவிட்டு ஓட மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்து, கைகளால் தண்ணீர் சுமந்து ஊற்றி, தாங்களே அதை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். கொரியக் குளிரில் மூன்றாண்டுக்கும் மேல் இருந்து 1954-இல்தான் திரும்பினார்கள். ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது.

அடுத்து 1956 முதல் காஸா, 1960 முதல் காங்கோ. காங்கோவில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5 அன்று உயிர் கொடுத்து பரம் வீர் சக்ரா பெற்றார். அங்கே போன இந்தியப் படைப்பிரிவில் மெட்ராஸ் ரெஜிமென்டின் நான்காம் பட்டாலியனும் இருந்தது. அதன் பிறகு இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட பணிகளில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் போய் வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 180 பேர் திரும்பவில்லை. அமைதிப் பணியில் இவ்வளவு பேரை இழந்த நாடு வேறு இல்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியர் பெரும்பாலும் நிற்கும் இடங்கள் தெற்கு சூடான், காங்கோ, லெபனான், சிரியா எல்லையில் உள்ள கோலான் குன்றுகள், சூடானுக்கும் தெற்கு சூடானுக்கும் இடையில் உள்ள அபியே.

ஒரு பட்டாலியனுக்கு உத்தரவு வந்தால் என்ன நடக்கிறது? வண்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதிலிருந்து தொடங்குகிறது. வண்டி, ஜெனரேட்டர், கூடாரம், அடுப்பு எல்லாமே இந்தியாவுடையது. கன்டெய்னரில் ஏற்றி ஆட்களுக்கு முன்பே கப்பலில் போக வேண்டும். சிப்பாய்க்கு நீலத் தொப்பி, தோளில் ஐ.நா. பட்டை, கழுத்தில் நீலத் துணி. டெல்லியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.நா. அமைதிகாப்பு மையம் இருக்கிறது. அது வகுத்த பாடங்களும் ஐ.நா.வே எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் பாடங்களும் உண்டு. அந்த நாட்டின் வரலாறு, யார் யாரோடு சண்டை, கண்ணிவெடியை எப்படி அடையாளம் காண்பது, அகதி வந்து நின்றால் என்ன செய்வது, பெண்களிடமும் குழந்தைகளிடமும் எப்படி நடந்துகொள்வது.

இதில் கடினமான பாடம் துப்பாக்கியைப் பற்றியது. இவர்களில் பலர் காஷ்மீரில் இருந்துவிட்டு வருகிறார்கள். அங்கே புதர் அசைந்தால் கை தானாகத் துப்பாக்கிக்குப் போகும். அந்தக் கையைத்தான் இப்போது பிடித்து நிறுத்தச் சொல்கிறார்கள். எதிரே ஆயுதத்தோடு நிற்கிறவன் எதிரி இல்லை. அவன் அந்த நாட்டு ராணுவமாக இருக்கலாம், ஊர்க்காவல் இளைஞனாக இருக்கலாம், மாடு மேய்க்கிறவனாகவும் இருக்கலாம். எப்போது சுடலாம் என்பதை ஒரு சிறிய அட்டையில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கக் கொடுக்கிறார்கள். தற்காப்புக்குச் சுடலாம். பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து என்றால் அவர்களைக் காக்கவும் சுடலாம். ஆனால் அதற்கு முன் வாயால் எச்சரிக்கை, முடிந்தால் எச்சரிக்கைச் சூடு என்று படிப்படியாக.

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. களத்தில்? 2013 டிசம்பர் 19 அன்று தெற்கு சூடானின் அகோபோவில் இருந்த சிறிய ஐ.நா. முகாமுக்குள் டிங்கா இனத்தவர் சிலர் உயிர்ப் பயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். காவலுக்கு இருந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பது பேரளவில். சூழ்ந்து வந்தவர்கள் சுமார் 2,000 நூயர் இன இளைஞர்கள், கையில் துப்பாக்கியோடு. தஞ்சம் புகுந்தவர்களில் பலரும் இந்தியச் சிப்பாய்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். தலைகீழான அனுபவமும் உண்டு. 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள் தஞ்சம் இருந்த மக்கள் தாக்கப்பட்டபோது அமைதிப்படை குழம்பி நின்றது, தாமதித்தது என்று ஐ.நா.வின் சொந்த விசாரணையே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டபோது மக்களைக் காக்கத் தவறியதற்காக ஐ.நா. படைத் தளபதியையே நீக்கினார்கள். சீக்கிரம் சுட்டால் குற்றம், சுடாமல் நின்றாலும் குற்றம். இருபத்தி நான்கு வயதுப் பையன் அந்த ஒரு நொடியில் எடுக்கும் முடிவுக்கு நியூயார்க்கில் விசாரணை நடக்கும். இதற்கு உடல் பயிற்சி போதாது. திரும்பத் திரும்பச் சம்பவங்களை நடித்துப் பார்த்து, “இப்போது நீ என்ன செய்வாய்?” என்று கேட்டுக் கேட்டுத்தான் பழக்க வேண்டும். தயாரிப்புக்குக் கிடைக்கும் நாட்களில் பாதியை இதற்கே கொடுக்கலாம் என்பேன்.

தயாரிப்பு இல்லாமல் போனால் என்னாகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம்; மறுநாளே இந்தியப் படை இலங்கையில் இறங்கத் தொடங்கிவிட்டது. அது ஐ.நா. பணி அல்ல, இரு நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடு. அமைதி காக்கப் போகிறோம் என்று போனவர்கள் அக்டோபர் 10-க்குள் முழுப் போரில் இருந்தார்கள். போதிய வரைபடமில்லை, மக்களின் மொழி தெரிந்தவர்கள் படையில் மிகக் குறைவு. தெருவில் வரும் இளைஞன் யார் என்று கேட்கவும் வாயில்லாத படைக்குத் துப்பாக்கிதான் வாயாகிப் போகும். 1987 அக்டோபர் 21, 22-இல் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டதை ஈழத்தமிழர்கள் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் புறப்படுவதற்குள் ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்களும் இறந்திருந்தார்கள். எங்கள் தெருவிலேயே அங்கே போய் வந்த ஒரு பெரியவர் இருந்தார். கார்கில் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். யாழ்ப்பாணம் என்றால் எழுந்து போய்விடுவார். அரசியல் முடிவின் தவறுகளை வகுப்பறைப் பாடத்தால் திருத்திவிட முடியாதுதான். ஆனாலும் மொழியும் ஊர்நிலவரமும் தெரியாமல் ஒரு படையைக் கடல் தாண்டி அனுப்புவது அந்த மண்ணின் மக்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்யும் துரோகம்.

மொழி என்றேன். நம் சிப்பாய் வீட்டில் தமிழ், யூனிட்டில் இந்தி, ஐ.நா. வானொலியில் ஆங்கிலம், கடைத்தெருவில் ஜூபா அரபி என்று நான்கோடு மல்லுக்கட்டுகிறான். தம்பி போன முதல் மாதமே நூயர் மொழியில் ‘மாலே’ என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டான். ரோந்து வண்டியை விட்டு இறங்கியதும் துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொன்னால், பெரியவர்கள் சிரிப்பார்களாம், பிள்ளைகள் கூட்டமாக ஓடி வருவார்களாம். அந்தச் சொல் பையிலிருக்கும் அட்டைக்குச் சமம் என்பான்.

தெற்கு சூடானைப் புரிந்துகொள்ள மாடுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். டிங்கா, நூயர், முர்லே மக்களுக்கு மாடு வங்கிக் கணக்கு, பரிசம், குடும்பப் பெருமை, எல்லாம். மாப்பிள்ளை வீட்டார் மாடு கொடுத்தால்தான் பெண் கிடைக்கும். மாடில்லாத இளைஞன் அடுத்த இனத்தின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரப் போகிறான். பறிகொடுத்தவர்கள் மீட்கப் போகிறார்கள். ஒரு தமிழனுக்கு இதை விளக்க வேண்டுமா? ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று திணை வகுத்து வைத்த மொழி நம்முடையது. மாடு மீட்டு மாண்டவனுக்கு நட்ட நடுகற்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் செங்கம் பக்கத்திலும் இன்றும் நிற்கின்றன. அங்கே வேலுக்குப் பதில் தானியங்கித் துப்பாக்கி வந்துவிட்டது என்பதுதான் வேறுபாடு; அதனால்தான் ஒரு மாட்டுச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள். இந்தத் தொடர்பைத் தம்பியிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தான். “இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவங்கள வேற மாதிரி பார்த்திருப்பேன்க்கா” என்றான். இந்திய ராணுவம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. அங்கே கால்நடை மருத்துவர்களையும் அனுப்பியது. மாட்டுக்கு ஊசி போடுகிறவனிடம் மக்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பத்து ரோந்து போய்க் கிடைக்காத தகவலும் நம்பிக்கையும் அந்தத் தொழுவத்தில் கிடைத்துவிடும்.

மண்ணும் பழக வேண்டும். வெள்ளை நைல் ஓரத்துப் பெருநிலம் கரிசல். மே முதல் அக்டோபர் வரை மழை. கோவில்பட்டிக் கரிசலில் மழைக்காலத்தில் சைக்கிள் தள்ளியவர்களுக்குத் தெரியும், அந்தச் சேறு சக்கரத்தை விடாது. அங்கே கவச வண்டியையே விடாது. சாலை மூழ்கினால் ஹெலிகாப்டர்தான். அதுவும் வராத நாட்களில் சிறு முகாம்கள் தீவுகளாகிவிடும். கடிதம், காய்கறி, மருந்து, மாற்று ஆள் எல்லாம் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும்.

உடம்பு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும், அந்த மஞ்சள் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மலேரியா அதைவிடப் பெரிய தொல்லை. ஆப்பிரிக்காவில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கிச் சில நாட்களில் கொல்லக்கூடியது. தடுப்பு மாத்திரை உண்டு. டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும், மெஃப்ளோக்வின் என்றால் வாரம் ஒன்று. இரண்டையும் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊருக்கு வந்தாயிற்றே என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மெஃப்ளோக்வின் சிலருக்குக் கெட்ட கனவும் பதற்றமும் கொடுக்கும். 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கைக் குறிப்பே போட்டது. அப்படி வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம்.

இதை வீட்டார் கவனமாகப் படிக்க வேண்டும். தம்பி லீவில் வந்த ஐந்தாம் நாள் குளிர்நடுங்கிக் காய்ச்சல். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் “வைரல் ஃபீவர்” என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து வந்தான் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரவு கண் செருகியபோதுதான் ராணுவ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் ஃபால்சிபாரம். பிழைத்துக்கொண்டான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்கு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கிறாரோ இல்லையோ, “ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறார், மலேரியா டெஸ்ட் எடுங்கள்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

நோய் அங்கிருந்து இங்கு மட்டும் வருவதில்லை. 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா வெடித்தது. நேபாளத்திலிருந்து வந்த அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் தொடக்கம். அந்த நாட்டு மக்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. காவலுக்குப் போகிறவன் தன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வதும் முகாமில் கக்கூஸ் குழியைச் சரியாகத் தோண்டுவதும் அந்த ஊர்க் குழந்தைகளின் உயிர்ப் பிரச்சினை. நடத்தையும் அப்படித்தான். அங்குள்ள பெண்களின் பசியையும் கையறு நிலையையும் பயன்படுத்திக்கொள்வதை ஐ.நா. 2003 முதல் முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. இருந்தும் பல நாட்டுப் படையினர் மீது புகார்கள் வந்தன, காங்கோவில் இருந்த இந்தியர் மீதும் வந்து ராணுவ விசாரணை நடந்தது. நம் ஆட்களைப் பெருமையாகப் பேசும் நாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி வீடு. ராணுவம் ஒரு சிப்பாயை மாதக்கணக்கில் தயார்ப்படுத்தும். அவன் வீட்டை யாரும் ஆறு நாள்கூடத் தயார்ப்படுத்துவதில்லை. எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

கறுப்பு டிரங்குப் பெட்டி ஒவ்வொரு பட்டாளத்து வீட்டிலும் இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், பெயர், யூனிட். தம்பி அதைத் திறந்து வைத்து, அம்மா கொடுத்த பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்களைப் பழைய லுங்கியில் சுற்றி அடுக்கினான். ஐ.நா. முகாமில் ரேஷன் குறைவிருக்காது. இறைச்சி, பழம், முட்டை எல்லாம் வரும், முகாம் சமையற்கூடத்தில் நம் சமையல்காரர்தான் சமைப்பார். ஆனாலும் நாக்கு எட்டாவது வாரத்தில் அழும். பெட்டியை மூடப் போனவன் நிறுத்திவிட்டு, கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மனைவியிடம் கொடுத்தான். பாஸ்புக், ராணுவக் குழுக் காப்பீட்டுக் காகிதம், நாமினி விவரம், யூனிட் போன் எண், கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது. அந்தக் கவரைக் கொடுத்தபோது அவள் அழுதாள். அதற்கு அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அந்தக் கவர் இருந்தே ஆக வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். நாமினியில் இறந்துபோன ஒருவரின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனைவியின் பெயர் பணிப்பதிவேட்டில் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு இனிஷியல் மாறியதற்காக மாதக்கணக்கில் அலைந்த விதவைகளை நான் பார்த்திருக்கிறேன். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் ‘முன்னாள்’ என்று இருந்தாலும் பணியில் இருப்பவரின் குடும்பமும் உதவி கேட்டுப் போகலாம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு பெரிய சண்டை வரும். பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஒரு பிரஷர் குக்கர் கேஸ்கெட்டுக்காக இரண்டு நாள் பேச்சில்லை. கேத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் 1987-இல் அமெரிக்கக் கடற்படையினரின் மனைவிமாரைக் கவனித்து இதை எழுதியிருக்கிறார். பிரிவு வருகிறது என்று தெரிந்ததும் மனம் முன்கூட்டியே விலகிக்கொள்ளப் பார்க்கிறது, கோபத்தோடு பிரிவது அழுகையோடு பிரிவதைவிட எளிதாகத் தோன்றுகிறது. போன பிறகு சில வாரம் வீடே தலைகீழாக இருக்கும். பிறகு மெல்ல ஒரு புது ஒழுங்கு வரும். திரும்பி வரும் நாள் நெருங்கும்போது மறுபடி கலக்கம். வந்த பின் வீட்டை யார் நடத்துவது என்று புதிதாகப் பேசித் தீர்க்க வேண்டிய கட்டம். அமெரிக்கக் கடலோரத்தில் எழுதப்பட்டதுதான், ஆனால் எங்கள் வீட்டில் வரிக்கு வரி நடந்தது. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் அந்தக் கேஸ்கெட் சண்டையில் அவள் அவ்வளவு நொந்திருக்க மாட்டாள்.

போன பிறகு போன். ஜூபாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஐந்தரை, அவன் குளித்துவிட்டு உட்காரும் நேரம். குழந்தை தூங்கிவிடும். ஆகவே பேசுவதற்கு ஒரு நேரத்தை முடிவு செய்யும்போதே, “கூப்பிடாவிட்டால் மூன்று நாள் வரை பயப்படாதே” என்றும் முடிவு செய்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் இருக்காது, ரோந்தில் இருப்பான், ஹெலிகாப்டர் வந்திருக்காது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போன வீடுகளில் பெண்கள் தூக்கம் கெட்டுப் போகிறார்கள். 2024 அக்டோபரில் லெபனானில் இஸ்ரேல் தாக்குதலின்போது ஐ.நா. நிலைகள் மீதும் குண்டு விழுந்தது, இந்தோனேசியச் சிப்பாய்கள் காயப்பட்டார்கள். அங்கே இந்தியப் பட்டாலியனும் இருந்தது. தொலைக்காட்சியில் அடியில் ஓடிய எழுத்தைப் பார்த்துவிட்டு எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் கிடந்திருக்கும்! அப்படிப்பட்ட நாளில் யூனிட்டிலிருந்து “எல்லாரும் பத்திரம்” என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி எல்லாக் குடும்பத்துக்கும் போக வேண்டும். பெரிய செலவில்லாத காரியம்.

அங்கே அவனுக்கு முதல் மாதம் புதுமையில் போய்விடும். மூன்றாம் மாதத்திலிருந்து கனம் கூடும். முள்வேலிக்குள் அதே முகங்கள், அதே மணல் மூட்டை, அதே வெயில். தொண்ணூறு நாள் ஆனதும் ஐ.நா. பதக்கத்துக்கு உரிமை வரும், அணிவகுப்பு நடக்கும், படா கானா என்ற பெருவிருந்து நடக்கும். அன்று இரவு எல்லாரும் பாடுவார்கள். மறுநாள் காலை மறுபடி மணல் மூட்டை. வாலிபால், ஜிம், கோயிலென்று ஒதுக்கிய கூடாரத்தில் மாலைப் பூஜை, முகாமுக்குள் சின்னக் கீரைப் பாத்தி. தம்பி வெண்டைக்காய் விதை போட்டான். முதல் காயைப் படம் பிடித்து அனுப்பிய அன்றுதான் அவன் அங்கே பழகிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

பார்த்ததை எல்லாம் அவன் சொல்லவில்லை. திரும்பி வந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு இரவு, முகாம் வேலிக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை.

போருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும் என்பதைப் பல ராணுவங்கள் பட்டுத்தான் கற்றன. 1982-இல் ஃபாக்லாந்துப் போர் முடிந்து கப்பலில் வாரக்கணக்கில் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, பார்த்ததைத் தங்களுக்குள் பேசி இறக்கி வைக்க நேரம் இருந்தது. பிறகு விமானக் காலம் வந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து புறப்பட்டவன் உடனே வீட்டுக் கூடத்தில் நின்றான். அதனால் நடுவழியில் சைப்ரஸில் ஒரு நாள், ஒன்றரை நாள் நிறுத்தி, கடலில் குளிக்கவிட்டு, தூங்கவிட்டு, மனநலம் பற்றிப் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் நடத்தி 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மன உளைச்சல் அறிகுறி இருந்தவர்களில் பாதிப் பேர்கூட உதவி தேடவில்லை என்று தெரிந்தது. கோழை என்று பெயர் வந்துவிடும், பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பயத்துக்கு நாடு கிடையாது. நம் ஆட்களுக்கும் அப்படி நடுவில் இரண்டு நாள், கூடவே பழைய சுபேதார் ஒருவரும் ஒரு மனநல மருத்துவரும் இருந்து பேசினால் எவ்வளவோ மாறும். அதைச் சிகிச்சை என்று அழைக்க வேண்டாம், பணியின் கடைசிப் பகுதி என்று உத்தரவிலேயே சேர்த்துவிட்டால் எவனும் வெட்கப்பட மாட்டான்.

வந்த அன்று குழந்தை அவனிடம் போகவில்லை. போகும்போது தவழ்ந்த பிள்ளை, இப்போது ஓடுகிறது. போனில் பார்த்த ‘அப்பா’ உள்ளங்கை அளவு, வாசலில் நிற்பவன் இவ்வளவு பெரியவன். பிள்ளை பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் முகம் விழுந்துவிட்டது. அம்மாதான் சொன்னார், “தூக்காதே. நீ பாட்டுக்கு உட்காரு.” அவன் திண்ணையில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தரையில் வைத்தான். காலி ஊறுகாய் பாட்டில், நீலத் தொப்பி, ஒரு மரமாடு. பத்து நிமிடத்தில் அவள் வந்து அந்த மாட்டைத் தொட்டாள்.

மனைவி இந்த ஓராண்டில் ஸ்கூட்டி கற்றிருந்தாள். வங்கியில் மேனேஜரிடம் நேராகப் பேசுகிறாள், கொல்லைப்புறச் சுவரைக் கொத்தனார் வைத்துக் கட்டி முடித்துவிட்டாள், மாமனாரின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தாள். மூன்றாம் நாள் அவன் பழைய நினைப்பில், “ஏ.டி.எம். கார்ட எடுத்துட்டு வா” என்றான். அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு, “எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.